அணைக்குக் கீழே ஓடும் ஆறு

ஆறு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் நிற்பது நீர். ஓர் ஆற்றின் பெருமையை அளக்க முற்படும்போதும் நாம் நீரையே அளக்கிறோம். அணையில் இன்று எத்தனை அடி நீர் நிற்கிறது, வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, எத்தனை கன அடி வெளியேறுகிறது என்பன நாள்தோறும் செய்தியாக வருகின்றன. ஆனால் ஆறு நீரை மட்டும் சுமந்து வருவதில்லை. மலைச்சரிவில் அரித்த மண்ணையும், பாறை சிதைந்து உண்டான மணலையும், உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்களையும் அது சுமந்து வருகிறது. அந்தச் சுமை இன்று எத்தனை டன் வந்தது, எத்தனை டன் அணையைக் கடந்து சென்றது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

உழவர்கள் இந்த உண்மையை மறந்தவர்களல்லர். புதுவெள்ளம் செந்நிறமாகக் கலங்கி வந்தால் அவர்கள் மகிழ்ந்தார்கள்; அந்தக் கலங்கலே வயலுக்கு உரம் என்பதை அறிந்திருந்தார்கள். வெள்ளம் வடிந்த நிலத்தில் படியும் நுண்ணிய மண்ணை வண்டல் என்றும், ஆறு ஒதுக்கிவிட்டுப் போகும் இடுமணலை எக்கல் என்றும், வாய்க்காலிலும் கிணற்றிலும் சேர்ந்து அடைத்துக் கொள்வதைத் தூர் என்றும் வேறுபடுத்திப் பெயரிட்டார்கள். ஒரே மண், இருக்கும் இடத்துக்கு ஏற்ப நன்மையும் செய்யும், தீமையும் செய்யும் என்ற அறிவு இப்பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது. பேரணைகள் எழுந்த பிறகு இந்த அறிவை நாம் புதிதாகக் கற்க வேண்டியவர்களாக இருக்கிறோம். அணைகளுக்குக் கீழே நலிந்துபோன ஆறுகளை மீட்பதற்காக உலகில் நடந்துவரும் சில முயற்சிகளைப் பற்றியும், அவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

ஓடும் நீருக்கு ஒரு வலிமை உண்டு. அந்த வலிமை நீரின் அளவையும், வேகத்தையும், ஆற்றின் சரிவையும் பொறுத்தது. களிமண் போன்ற நுண்துகள்கள் நீரில் கலந்து மிதந்தே செல்கின்றன. மணல், வெள்ளம் மிகும்போது எழும்பியும், வெள்ளம் தணியும்போது படிந்தும், தத்தித் தத்திச் செல்கிறது. கூழாங்கற்களோ ஆற்றின் அடியில் உருண்டு நகர்கின்றன. மேலிருந்து எவ்வளவு மண் வருகிறதோ, அவ்வளவும் கீழே செல்லுமாறு ஆறு தன் அகலத்தையும் ஆழத்தையும் சரிவையும் நெடுங்காலமாகச் சரிசெய்து கொண்டுவருகிறது. வரவும் செலவும் ஒத்திருக்கும் குடும்பத்தைப் போல, ஆறும் ஒரு சமநிலையில் இருக்கிறது. ஓரிடத்தில் கரை கரையும். மற்றோரிடத்தில் திட்டு எழும். ஆயினும் மொத்தத்தில் ஆறு ஆறாகவே இருக்கும்.

இந்த ஆற்றின் குறுக்கே அணை ஒன்று எழுகிறது என்று கொள்வோம். நீர்த்தேக்கத்துள் நுழைந்ததும் நீரின் வேகம் தணிகிறது. வேகம் தணிந்ததும் சுமையை இறக்கிவைக்கிறது. கல்லும் பருமணலும் தேக்கத்தின் தலைப்பிலேயே தங்கிவிடுகின்றன. நுண்ணிய சேறு சற்றுத் தொலைவு சென்று, அணையின் அடிவரையில் படிகிறது. மதகைத் திறக்கும்போது வெளிவருவது பெரும்பாலும் தெளிந்த நீர். பார்ப்பதற்கு அது அழகாக இருக்கும். ஆனால் சுமையை இழந்த அந்த நீருக்குச் சுமக்கும் வலிமை அப்படியே இருக்கிறது. ஆகையால் அது அணைக்குக் கீழே உள்ள ஆற்றின் படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் மண்ணை வாரிக்கொள்கிறது. மணல் முதலில் போகிறது. பிறகு சிறு கற்கள் போகின்றன. கடைசியில் நீரால் அசைக்க முடியாத பெருங்கற்கள் மட்டும் தளம் பாவியதுபோல் எஞ்சி நிற்கின்றன. ஆற்றின் அடிமட்டம் தாழ்கிறது. அதைத் தொடர்ந்து அக்கம்பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழ்கிறது. பாலங்களின் அடித்தளம் வெளியே தெரிகிறது. சிறு கற்களுக்கிடையே முட்டையிடும் மீன்களுக்கு இடமில்லாமற் போகிறது. ஆறு கடலோடு கலக்கும் இடத்திலோ, அலைகள் வாரிச் செல்லும் மண்ணுக்கு ஈடுசெய்யப் புதுமண் வருவதில்லை. கடல் நிலத்துக்குள் புகத் தொடங்குகிறது.

இவ்வாறு ஒரே மண் இரண்டு இடங்களில் இருவகைத் துன்பத்தை விளைவிக்கிறது. அணைக்கு மேலே அது வேண்டாத பொருளாகக் குவிகிறது. அணைக்குக் கீழே அது கிடைக்காத பொருளாகிவிடுகிறது. துங்கபத்திரை அணையை எடுத்துக் கொள்வோம். 1953-ஆம் ஆண்டில் நீர் தேக்கத் தொடங்கிய அந்த அணையின் கொள்ளளவு அப்போது ஏறத்தாழ 13,300 கோடி கன அடி. பிற்காலத்து அளவீட்டின்படி அது சுமார் 10,580 கோடி கன அடியாகக் குறைந்திருக்கிறது. இடையே காணாமற்போன 2,700 கோடி கன அடி இடத்தை மண் பிடித்துக் கொண்டது. இந்த மண்ணை வாரி வெளியே கொட்டிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். ஒரு லாரி 300 கன அடி மண்ணைக் கொள்ளும் என்று வைத்துக் கொண்டால் ஒன்பது கோடி லாரிச் சுமை ஆகிறது. நாள் ஒன்றுக்கு ஆயிரம் லாரிகள் ஓயாமல் ஓடினாலும் வேலை முடிய 246 ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் புது மண் வந்து சேராதிருக்குமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அங்கே தங்கிய மண், கிருஷ்ணை வழியாகச் சென்று கழிமுகத்தை வளர்த்திருக்க வேண்டிய மண்ணின் ஒரு பகுதி. ஸ்ரீசைலம், நாகார்ஜுனசாகர் போன்ற பெருந்தேக்கங்களும் அவ்வாறே தத்தம் பங்கைப் பிடித்து வைத்துக் கொள்கின்றன. கிருஷ்ணை, கோதாவரிக் கழிமுகங்களின் கடற்கரை பல இடங்களில் பின்வாங்கி வருவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். எகிப்து நாட்டில் 1970-ஆம் ஆண்டில் அஸ்வான் உயரணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், ஆண்டுதோறும் பத்துக் கோடி டன்னுக்கு மேல் நீல நதி கொண்டு வந்த வண்டல் ஏறக்குறைய முழுவதும் தேக்கத்திலேயே தங்கிவிட்டது. ரொசெட்டா முனையில் கடல் வேகமாக உட்புகுந்தது. அணைகளால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. துங்கபத்திரையின் நீரால் விளையும் வயல்களும், அஸ்வான் அணை பஞ்சத்திலிருந்து காத்த மக்களும் கண்கூடான உண்மைகள். நன்மையைக் குறைக்காமல் தீமையைக் குறைக்க வழி உண்டா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சிகளுள் மிகவும் அறிவூட்டுவது அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் நடந்தது. ஸ்பானிய மொழியில் கொலராடோ என்றால் செந்நிறமானது என்று பொருள். பெயருக்கேற்ப அந்த ஆறு செம்மண்ணைக் கரைத்துக் கொண்டு ஓடியது. கோடைத் தொடக்கத்தில் பனி உருகும்போது வினாடிக்கு எண்பதாயிரம் கன அடிக்கு மேல் வெள்ளம் வருவது வழக்கம். அது வேனிலில் வெதுவெதுப்பாகவும், குளிர்காலத்தில் உறையும் அளவுக்குத் தண்மையாகவும் இருந்தது. உலகப் புகழ்பெற்ற கிராண்ட் கான்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கைக் குடைந்தெடுத்தது இந்த ஆறுதான்.

அந்தப் பள்ளத்தாக்குக்குச் சற்று மேலே, 710 அடி உயரமுள்ள கிளென் கான்யன் அணை கட்டப்பட்டு, 1963-ஆம் ஆண்டில் ஆறு அடைக்கப்பட்டது. அதன் பின் கிராண்ட் கான்யனுக்குள் ஓடியது வேறோர் ஆறு. நிறம் சிவப்பன்று, பச்சை. ஏரி நிறைந்திருந்த காலங்களில் அதன் அடியாழத்திலிருந்து வந்த நீர், கோடையிலும் குளிர்காலத்திலும் ஒரே விதமாக எட்டு முதல் பத்து பாகை வெப்பத்திலேயே இருந்தது. ஆண்டு வெள்ளம் நின்றது. அதற்கு மாறாக, நகரங்களில் மின்சாரம் மிகுதியாக வேண்டப்படும் வேளையில் ஆறு உயர்வதும், நள்ளிரவில் தாழ்வதுமாக, கடல் ஏற்ற வற்றம் போன்ற ஓர் ஆட்டம் நாள்தோறும் நடந்தது.

இம்மாறுதலுக்கு முதற்பலி ஆனவை பள்ளத்தாக்கின் மணல் திட்டுகள். வெள்ளக் காலத்தில் நீர் படுகை மணலைக் கிளறி எழுப்பும். பாறை முனைகளுக்குப் பின்னால் உண்டாகும் பெருஞ்சுழிகளுக்குள் அந்த மணல் சுழன்று சென்று கரையோரமாக உயரப் படியும். அவ்வாறு அமைந்த திட்டுகளின் ஓரத்தில் அமைதியான சிறு தேக்கங்கள் உண்டாகும். மீன்குஞ்சுகள் அவற்றில் தங்கி வளரும். திட்டு காய்ந்தபின் காற்று மணலை மேலே வாரிச் சென்று, தொல்குடி மக்களின் பழைய குடியிருப்புச் சின்னங்களை மூடிக் காத்துவந்தது. அணை எழுந்தபின் திட்டுகள் ஆண்டுக்காண்டு கரைந்தன. அந்த ஆற்றுக்கே உரிய மீன்களில் சில பள்ளத்தாக்கிலிருந்து அடியோடு மறைந்தன. முதுகில் திமில் போன்ற மேடுடைய சப் என்னும் மீனினம் அருகிப்போயிற்று. 1992-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ், கிராண்ட் கான்யனைப் பாதுகாக்கும் வகையில் அணையை இயக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றியது.

அதன் பயனாக, 1996-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள், அணையிலிருந்து வேண்டுமென்றே ஒரு வெள்ளம் விடப்பட்டது. மின் உற்பத்தி எந்திரங்கள் வழியாக ஏறத்தாழ 30,000 கன அடி, அவற்றைச் சாராமல் நேரே வெளியேற்றும் நான்கு குழாய்கள் வழியாக 15,000 கன அடி, ஆக வினாடிக்கு 45,000 கன அடி நீர் ஏழு நாள் இடையறாது பாய்ந்தது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தபோது, பள்ளத்தாக்கு நெடுகிலும் வெண்மையான மணல் திட்டுகள் உயர்ந்து நின்றன. ஆற்றை மீட்டுவிட்டோம் என்று பலர் மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. திட்டுகள் சில மாதங்களில் மீண்டும் கரையத் தொடங்கின. அளவுகளை ஆராய்ந்தபோது, எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. அணைக்குக் கீழே கலக்கும் கிளையாறுகள் கொண்டு வரும் மணல் பல ஆண்டுகளாகப் படுகையில் சேர்ந்து கிடக்கும். வெள்ளம் விட்டால் அது எழுந்து திட்டாகும் என்பதே முன்பு கொண்ட கருத்து. உண்மையில் அத்தகைய சேமிப்பு எதுவும் படுகையில் இல்லை. கிளையாறுகள் கொணரும் மணலைத் தெளிந்த நீர் சில வாரங்களிலோ மாதங்களிலோ வாரிக்கொண்டு போய்விடுகிறது. அப்படியானால் 1996-இல் உயர்ந்த மணல் எங்கிருந்து வந்தது? பழைய திட்டுகளின் அடிப்பகுதியிலிருந்து வந்தது. அதாவது, வீட்டின் அடிச்சுவரைப் பெயர்த்து மாடி கட்டியது போன்ற வேலை நடந்திருந்தது. மேலே சிறிது மணல் ஏறியது. மொத்தத்தில் பள்ளத்தாக்கு மணலை இழந்தது.

இந்த இடத்தில்தான் அறிவியலாளரின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். வெற்றி என்று எல்லோரும் சொன்னதை அவர்கள் அளந்து பார்த்து மறுத்தார்கள். மறுத்ததோடு நில்லாமல் வழியையும் கண்டார்கள். அணைக்குச் சுமார் பதினைந்து மைல் கீழே பரியா என்னும் சிற்றாறு வந்து கலக்கிறது. பெரும்பாலான நாட்களில் தாண்டிவிடக்கூடிய ஓடை அது. ஆயினும் கோடை இறுதியில் இடிமழை பெய்யும்போது, குழம்பு போன்ற வெள்ளத்தோடு பெருமளவு மணலைக் கொண்டு வந்து சேர்க்கிறது. அந்த மணல் வந்து சேர்ந்த பருவத்தை ஒட்டி, அது அடித்துச் செல்லப்படுவதற்கு முன்பே, வெள்ளம் விட வேண்டும். நீரின் அளவைக் காட்டிலும் காலமே முக்கியம் என்பது தெளிவாயிற்று.

2004-ஆம் ஆண்டு நவம்பரில் இக்கருத்து சோதிக்கப்பட்டது. பரியா மணல் தந்த பின்னர், வினாடிக்கு ஏறத்தாழ 41,000 கன அடி நீர் அறுபது மணி நேரம் விடப்பட்டது. ஏழு நாள் வேண்டியிருக்கவில்லை. மணல் போதுமான அளவு சேர்ந்திருந்த மேற்பகுதியில் திட்டுகள் நன்கு உயர்ந்தன. மணல் சென்று சேராத கீழ்ப்பகுதியில் பலன் குறைவாக இருந்தது. 2008-இல் மற்றொரு வெள்ளம் விடப்பட்டது. 2012-ஆம் ஆண்டு முதல் ஒரு விதி வகுத்துக் கொண்டார்கள்: பரியா போதிய மணல் தந்தால் வெள்ளம் விடுவது, தராவிட்டால் விடாமலிருப்பது. ஆற்றிலே வைத்த கருவிகள், ஒலியலைகளைச் செலுத்தி, கால் மணிக்கு ஒரு முறை நீரில் உள்ள மணலை அளக்கின்றன. வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று கணக்கு எழுதப்படுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற நம் பழமொழியை அவர்கள் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுகிறார்கள். 2012 முதல் 2018 வரை ஐந்து முறையும், 2023 ஏப்ரலில் ஒரு முறையும் இவ்வாறு வெள்ளம் விடப்பட்டிருக்கிறது.

இதற்குச் செலவு இல்லாமலில்லை. நேர்க்குழாய்கள் வழியே செல்லும் நீர் மின்சாரம் தராது. அந்த அளவுக்கு வருமானம் குறைகிறது. ஆனால் நீர் வீணாவதில்லை. கீழே மீட் ஏரியில் போய்ச் சேர்கிறது. வேறொரு வரம்பும் உண்டு. அணைக்கு முன்பு கிராண்ட் கான்யனின் தலைப்புக்கு வந்து கொண்டிருந்த மணலில், இன்று பரியா தருவது நூற்றுக்கு ஆறு பங்குதான். மீதி முழுவதும் பாவெல் ஏரிக்குள் புதைந்திருக்கிறது. மேலும், 2023-இல் ஏரியின் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த நிலையில் நேர்க்குழாய்களைப் பயன்படுத்தியதால் அவற்றின் உட்புறம் சேதமுற்று, பழுதுபார்க்க நேர்ந்தது. மண்ணைக் கடத்துவதற்கென்று வழி வைக்காமல் கட்டிய அணையில், பிற்காலத்தில் செய்யும் மருத்துவத்துக்கு இவ்வளவுதான் எல்லை. நோயைத் தணிக்கலாம், முழு உடல்நலத்தைத் திருப்பித் தர இயலாது.

தொடக்கத்திலேயே வழி வைப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சீன நாட்டின் மஞ்சள் ஆறு காட்டுகிறது. அங்கே சிக்கல் மண் குறைவினால் அன்று, மிகுதியினால். முற்காலத்தில் ஆண்டுக்குச் சராசரி 160 கோடி டன் மண்ணைச் சுமந்த ஆறு அது. அதன் குறுக்கே சான்மென்ஷியா என்னும் இடத்தில் சோவியத் பொறியாளர்கள் வகுத்த திட்டப்படி அணை கட்ட முடிவாயிற்று. 1957-ஆம் ஆண்டு நடந்த ஆலோசனைக் கூட்டத்தில், சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவாங் வான்லி அதனை எதிர்த்தார். மண் தேங்கினால் மேலே உள்ள வெய் ஆற்றுச் சமவெளி வெள்ளத்துக்கு இரையாகும் என்று எச்சரித்தார். அணை கட்டியே தீர வேண்டுமென்றால், கட்டுமானக் காலத்தில் நீரை வெளியேற்ற அமைக்கும் அடித்துவாரங்களையாவது அடைத்துவிடாதீர்கள். பிற்காலத்தில் மண்ணை வெளியேற்ற அவை வேண்டியிருக்கும் என்று வேண்டிக் கொண்டார். அவர் சொல் எடுபடவில்லை. துவாரங்கள் அடைக்கப்பட்டன.

1960-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் நூறு கோடி டன்னுக்கு மேற்பட்ட மண் தேக்கத்தில் படிந்துவிட்டது. வெய் ஆற்றின் அடிமட்டம் உயர்ந்து, சியான் நகரத்துக்கே வெள்ள அபாயம் நெருங்கியது. பிறகு அணையை இரண்டு முறை திருத்திக் கட்டினார்கள். குடைவழிகள் தோண்டினார்கள், முன்பு அடைத்த அடித்துவாரங்களை 1970-க்குப் பின் மீண்டும் திறந்தார்கள். கலங்கல் வரும் பருவத்தில் மதகுகளைத் திறந்து மண்ணைப் போகவிடுவது, தெளிந்த நீர் வரும் பருவத்தில் தேக்கிக் கொள்வது என்ற முறையைக் கைக்கொண்டார்கள். ஹுவாங் வான்லி கேட்டது இதைத்தான். நாடு அதைப் பெரும் பொருட்செலவில், காலம் கடந்து செய்தது.

அந்த அனுபவத்தைக் கொண்டு, சான்மென்ஷியாவுக்குக் கீழே ஷியாவ்லாங்டி என்னும் அணையைக் கட்டியபோது மண் வெளியேறும் குடைவழிகளைத் தொடக்கத்திலேயே அமைத்தார்கள். 2002-ஆம் ஆண்டு முதல், வெள்ளப் பருவத்துக்கு முன்னதாகத் தேக்கிய நீரைத் திட்டமிட்டு விட்டு, ஆற்றின் படுகையில் குவிந்திருந்த மண்ணைக் கடலை நோக்கித் தள்ளுகிறார்கள். அந்த ஆறு கரைக்குள் அடங்கிச் சுமக்கக்கூடிய நீர், மிகக் குறுகிய இடத்தில், முன்பு வினாடிக்கு 1,800 கன மீட்டராக இருந்தது. பின்னர் நாலாயிரத்தைக் கடந்தது. கொலராடோவில் கரையோரத்தில் மணலை ஏற்றுவதற்காக வெள்ளம் விடுகிறார்கள். மஞ்சள் ஆற்றில் படுகையிலிருந்து மண்ணை இறக்குவதற்காக வெள்ளம் விடுகிறார்கள். மருந்து ஒன்றுபோல் தோன்றினும் நோய் வேறு. எனவே ஓர் ஆற்றின் கணக்கைப் பார்த்து மற்றோர் ஆற்றுக்கு மருந்து எழுதுதல் தகாது.

மதகைத் திறந்தால் மண் போய்விடும் என்று அவசரப்பட்டுச் செய்வதும் கேடு தரும். நீண்ட நாள் தேங்கிய சேறு உயிர்வளி அற்றது. அது திடீரென்று கொட்டப்படுமானால், கீழே மீன்கள் மூச்சடைத்து மடியும். குடிநீர் எடுக்கும் இடங்கள் அடைபடும். ஆற்றில் இறங்கியிருக்கும் மக்களின் உயிருக்கும் ஆபத்து. பிரான்சு நாட்டில் ரோன் ஆற்றின் மேல் உள்ள ஜெனிசியா அணை இதற்கு நல்ல வழிகாட்டி. அங்கே அடியிலும், நடுவிலும், மேலுமாக மூன்று மட்டங்களில் நீர் வெளியேறும் வாயில்கள் இருக்கின்றன. மேலே சுவிட்சர்லாந்து அணைகளிலிருந்து மண் கழுவி விடப்படும்போது, ஜெனிசியாவில் அடிவாயிலின் சேற்று நீரோடு மற்ற வாயில்களின் தெளிந்த நீரைக் கலந்து, லிட்டருக்குச் சராசரி ஐந்து கிராம் மண் என்ற வரம்பை மீறாமல் வெளியேற்றுகிறார்கள். நஞ்சாகக்கூடிய பொருளை அளவறிந்து உணவாக்குவது போன்றது இது.

நேயர்களே, இவை யாவும் நமக்குப் புறம்பான செய்திகள் அல்ல. காவிரியில் கல்லணையில் கொள்ளிடத்தின் பக்கம் மணற்போக்கி என்ற பெயரோடு மதகுகள் இருக்கின்றன. மணல் போவதற்கு என்று தனி வழி. அதற்கு ஒரு தனிச் சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் காவிரியில் பணியாற்றத் தொடங்கியபோது அவர் முன் நின்ற முதற்சிக்கல், காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு நீர் கொள்ளிடத்துக்குச் சரிந்து போவதே. அதைச் சீர்செய்வதற்காகவே 1836-இல் மேலணை எழுந்தது. நீரைப் பங்கிடுபவன் மணலையும் பங்கிட்டாக வேண்டும் என்பது நம் நாட்டுப் பாசனத்தில் புதிய பாடம் அன்று. 2022-ஆம் ஆண்டில் இந்திய அரசின் ஜலசக்தி அமைச்சகம் வண்டல் மேலாண்மைக்கென ஒரு தேசியக் கட்டமைப்பை வகுத்திருக்கிறது. அது நல்ல தொடக்கம். ஆயினும் காகிதத்தில் உள்ளது ஆற்றுக்கு வந்து சேர மூன்று காரியங்கள் நடைபெற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு பெரிய அணையிலும் நீர்வரவும் நீர்ச்செலவும் எழுதப்படுவது போல, மண்வரவும் மண்செலவும் எழுதப்பட வேண்டும். அது பொதுமக்கள் அறியும்படி வெளியிடப்படவும் வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் 1996-ஆம் ஆண்டின் கொலராடோவைப் போலத் தோல்வியும் வெற்றியாகவே தோன்றும்.

இரண்டாவது, வழி. இனிக் கட்டும் அணைகளில் அடிமதகும், மண்ணைக் கடத்தும் குடைவழியும் மிகைச்செலவு என்று கருதப்படலாகாது. பழைய அணைகளைப் புதுப்பிக்கும் வேலை நாடெங்கும் நடைபெறுகிறது. அந்த வேளையில், வாயில்களை மாற்றுவதோடு நில்லாமல், மண் போக வழி செய்ய இயலுமா என்பதையும் ஆராய வேண்டும். எல்லா அணைகளிலும் இயலாது. அகன்ற சமவெளித் தேக்கங்களில் மதகைத் திறந்தால் அருகிலுள்ள சிறு பள்ளத்து மண்ணே போகும். குறுகிய மலைத் தேக்கங்களில் பெரும்பயன் கிட்டும். இயலும் இடத்தில் செய்யாமல் விடுவதே குற்றம்.

மூன்றாவது, எஞ்சியதைக் காத்தல். அணைக்குக் கீழே கலக்கும் கிளையாறுகளே அடிமணலைத் தரும் கடைசி வள்ளல்கள். பரியா போன்ற ஓர் ஓடையை நம்பித்தான் கிராண்ட் கான்யன் இன்று வாழ்கிறது. நம் நாட்டில் அத்தகைய கிளையாறுகளின் வாயிலிலேயே மணலை அள்ளுகிறோம். மேலே அணை பிடித்துக் கொள்கிறது; கீழே லாரி ஏற்றிச் செல்கிறது; நடுவிலுள்ள ஆற்றுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எந்த ஆற்றில் ஆண்டுக்கு எவ்வளவு மணல் புதிதாக வருகிறது என்று அறியாமல், எவ்வளவு அள்ளலாம் என்று அனுமதி தருவது, இருப்பு எவ்வளவு என்று பாராமல் வங்கியில் காசோலை எழுதுவதை ஒக்கும்.

அணைகளை நாம் கட்டினோம், அவற்றால் பசி தீர்ந்தது, இருள் நீங்கியது. அவை இன்னும் பல தலைமுறைகள் பயன்தர வேண்டுமானால், தேக்கம் மண்ணால் நிறைந்துபோகாமல் இருக்க வேண்டும். கீழே உள்ள வயலும், கிணறும், கடற்கரையும் நிலைக்க வேண்டுமானால், அந்த மண் ஆற்றோடு செல்ல வேண்டும். மேலே உள்ளவரின் நலனும் கீழே உள்ளவரின் நலனும் இந்த ஒரு செயலில் ஒன்றுபடுகின்றன. தண்ணீரைப் பங்கிடும்போது ஒருவர் பெற்றால் மற்றவர் இழக்க வேண்டியிருக்கிறது. மண்ணை வழிவிடும்போது இருவருமே பெறுகிறார்கள். ஆற்றுநீர்ப் பங்கீட்டில் எத்தனையோ ஆண்டுகளாக வழக்காடிவரும் மாநிலங்கள், வாதுக்கு இடமில்லாத இந்த ஒரு காரியத்திலாவது ஒன்றுகூடி உட்கார்ந்து, தங்கள் ஆற்றின் மண்கணக்கை எழுதத் தொடங்கலாம்.